மருந்து இலையில் நிற்கிறதா?

கீழ்க்கட்டளைப் பக்கம் வயல்கள் பலவும் வீட்டு மனைகளாகிவிட்டன. ஆயினும், கொல்லையில் சேம்பு இருந்தால், அதன் இலையில் மழைத்துளி முத்துப்போல் உருண்டோடுவதைக் காணலாம். தாமரை, நெல், வெங்காயம், முட்டைக்கோசு இலைகளிலும் தண்ணீர் ஒட்டாது.

காரணம் என்ன? இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் மெழுகுத் துகள்களும் உள்ளன. துளி அவற்றின் நுனியில் மட்டுமே அமர்கிறது. இடையில் காற்று தங்குகிறது. உருளும் துளி தூசியையும் நோய் வித்துக்களையும் வாரிச் செல்கிறது. ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1997-ல் தாமரை இலையைக் கொண்டு இதை விளக்கினர்.

செடிக்கு நன்மையான இக்குணமே தெளிப்புக்குத் தடையாகிறது. மருந்து உருண்டு மண்ணில் விழுந்தால் பணம் வீண், பூச்சியும் சாகாது.

எனவே இப்பயிர்களுக்கு மருந்து தெளிக்கும்போது, லிட்டருக்கு அரை முதல் 1 மில்லி வரை டீப்பால் போன்ற ஒட்டும் திரவம் சேர்க்கவும். 10 லிட்டர் டேங்குக்கு 5 முதல் 10 மில்லி போதும். மருந்தைக் கரைத்த பின், கடைசியாக இதை ஊற்றி நுரைக்காமல் கலக்கவும். அளவு மிஞ்சினால் கரைசல் வழிந்தோடும், இலையும் கருகலாம்.

முதலில் வெறும் தண்ணீரில் திரவத்தைக் கலந்து ஓர் இலையில் தெளித்துப் பாருங்கள். துளி முத்தாக உருண்டால் போதவில்லை, படர்ந்தால் சரி.