கார் கூரை மேல் சுமை: கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாடி, சாயங்கால நேரத்தில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடிப் பக்கம் நின்று பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் கார்கள் வரிசை கட்டி நிற்கும். டிக்கி நிறைந்து, பின் சீட்டும் நிறைந்து, மிச்சம் எல்லாம் கூரை மேல் ஏறியிருக்கும். சூட்கேஸ், மடக்குக் கட்டில், பிள்ளைகளின் சைக்கிள். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, கரும்புக் கட்டு, தேங்காய்ச் சாக்கு. கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்கள் விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி வழியாகப் போவார்கள். கோடை விடுமுறை என்றால் திரும்பி வரும்போது பலாப்பழமும் மேலே ஏறிவிடும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுமை எதில் நிற்கிறது, எதனால் கட்டியிருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மேலிருந்து ஒரு சூட்கேஸ் நழுவினால், பின்னால் பைக்கில் வருபவருக்கு யோசிக்கக்கூட நேரம் இருக்காது. கூரைச் சுமையை ஒழுங்காகக் கட்டுவது நம் சாமானுக்காக மட்டும் அல்ல, பின்னால் வருபவரின் உயிருக்காகவும்தான்.

1. முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள்

கார் வாங்கும்போது கொடுத்த கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமலே இருக்கும். அதில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். கையேடு தொலைந்துவிட்டதா? பல நிறுவனங்களின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, அந்த எடையில் கேரியரின் எடையும் சேர்த்தி. ஒரு கணக்குக்கு, உங்கள் கார் கூரையின் வரம்பு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறுக்குக் கம்பிகள் 5 கிலோ, மேலே வைக்கும் கூடைக் கேரியர் 12 கிலோ என்றால், சாமானுக்கு மிச்சம் 33 கிலோதான். ஒரு அரிசி மூட்டையும் ஒரு சூட்கேஸும் ஏற்றினாலே கணக்கு முடிந்துவிடும். கேரியருக்கு என்று தனியாக ஒரு வரம்பு இருந்தால், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

இரண்டு, கூரையின் இரு பக்கமும் நீளமாக இருக்கும் ரூஃப் ரெயில். பல கார்களில் அது அழகுக்காக ஒட்டியது. சுமை தாங்காது. அதில் கிளாம்ப் மாட்டலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கடைக்காரர் "எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்" என்று சொன்னால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். உங்கள் கார் மாடலும் வருடமும் அந்தக் கேரியரின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. குறுக்குக் கம்பி பொருத்தும் முறை

கூரையையும் கிளாம்ப் உட்காரும் இடத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மணல் இருந்தால் பெயின்ட் கீறும், பிடிப்பும் குறையும். முன் கம்பிக்கும் பின் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கையேட்டில் இருக்கும். அளவு நாடா வைத்து அளந்து, இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள்.

நட்டை முறுக்கும்போது ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறு பக்கம் போகக் கூடாது. கம்பி கோணிக்கொள்ளும். இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதும் கேரியரோடு வரும் தாளில் இருக்கும். கதவு இடுக்கில் மாட்டும் வகை என்றால், கதவு ரப்பர் மடங்காமல் நான்கு கதவும் நன்றாகச் சாத்துகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கார் ஆட வேண்டும், கம்பி தனியாக ஆடக் கூடாது. சுமை ஏற்றிய பிறகும் இதே சோதனைதான்.

3. கயிறா, பெல்ட்டா?

கொக்கி வைத்த ரப்பர் கயிறு டிக்கிக்குள் சாமான் உருளாமல் இருக்க உதவும். கூரைச் சுமைக்கு அது போதாது. காற்று தூக்கும்போது அதுவும் சேர்ந்து நீளும். சாதா நைலான் கயிறு முடிச்சு போகப் போகத் தளரும். ராட்செட் அல்லது பக்கிள் வைத்த பட்டை பெல்ட்தான் நல்லது. பெல்ட்டைக் குறுக்குக் கம்பியில் சுற்றிக் கட்டுங்கள், அழகு ரெயிலில் மாட்டாதீர்கள்.

கனமான சாமான் டிக்கியில், லேசான சாமான் மேலே. மேலே எடை கூடினால் வளைவில் கார் சாயும், பிரேக் பிடித்தால் நிற்கிற தூரமும் கூடும். கரும்புக் கட்டு மாதிரி நீளமானதை நடுவில் மட்டும் கட்டினால் முன்னும் பின்னும் துள்ளும். முன் கம்பியிலும் பின் கம்பியிலும் தனித்தனி பெல்ட் வேண்டும். தார்ப்பாய் போட்டால் அதன் முனை படபடக்காமல் மடித்துக் கட்டுங்கள். முன் கண்ணாடியை மறைத்துத் தொங்கவிட்டால் சாலையும் தெரியாது, சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக்கும் சரியாகப் படிக்காது.

4. சைக்கிள் கேரியர் என்றால்

நம் ஊர் சாதாரண சைக்கிள் ஒன்று 20 கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு சைக்கிள் என்றாலே 40 கிலோ. கூரையில் ஏற்றுவதாக இருந்தால் முதல் பகுதியில் போட்ட கணக்கை இங்கேயும் போடுங்கள். பிரேமைப் பிடிக்கும் கொக்கி ஒன்று, சக்கரத்துக்கு ஒரு பட்டை வீதம் இரண்டு, ஆக மூன்று இடத்தில் சைக்கிள் பிடிபட வேண்டும். காற்றடிக்கும் பம்பு, தண்ணீர் பாட்டில், கூடை எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

டிக்கிக் கதவில் மாட்டும் பின்பக்கக் கேரியர் விலை குறைவு, ஏற்றி இறக்கவும் சுலபம். ஆனால் அதன் கொக்கிகள் கதவின் உலோக ஓரத்தில் உட்கார வேண்டும், கண்ணாடி ஓரத்திலோ பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ அல்ல. டயர் சைலன்சர் குழாய்க்கு நேராகத் தொங்கினால் சூட்டில் வீணாகும். முக்கியமாக நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் மறையக் கூடாது. கட்டி முடித்ததும் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாத விளக்கு, ராத்திரியில் பின்னால் வரும் லாரி டிரைவருக்கும் தெரியாது.

5. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 194(1ஏ)-இன்படி, சுமை வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த வரம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் உங்களுடையதுதான். பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் மாறிப்போகும் அளவுக்கு வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. கழற்றி மாட்டும் கேரியர் இல்லாமல், கூரையில் ஓட்டை போட்டு நிரந்தரமாகப் பொருத்த நினைத்தால், முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இந்தப் பகுதிக்காரர்களுக்கு விழுப்புரம், திண்டிவனம் இரண்டு இடத்திலும் அலுவலகம் இருக்கிறது. உங்கள் வண்டி மேல் அபராதம் ஏதாவது இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்தில் போனிலேயே பார்க்கலாம்.

6. வழியில் மூன்று நிறுத்தம்

வீட்டில் இறுக்கியது வழியெல்லாம் இறுக்கமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சாமான் குலுங்கி அமர அமர பெல்ட் தளரும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று மூன்று சுங்கச்சாவடி வருகிறது. ஒவ்வொன்றையும் தாண்டியதும் பெட்ரோல் பங்க்கிலோ உணவக வளாகத்திலோ நிறுத்தி பெல்ட்டையும் கிளாம்ப்பையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சுங்கச்சாவடி வரிசையிலோ சாலை ஓரத்திலோ நிறுத்த வேண்டாம்.

வேகத்தையும் குறையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் சுமை மேல் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். கேரியர் தயாரிப்பாளர் ஒரு வேக வரம்பு சொல்லியிருந்தால், சாலையில் அதைவிட அதிகம் அனுமதித்தாலும் தயாரிப்பாளர் சொன்னதுதான் உங்கள் வரம்பு. மேலே புதுசாக ஒரு சத்தம் கேட்டால், "காத்துதான்" என்று விட்டுவிடாமல் ஓரம் கட்டிப் பாருங்கள். சுமையோடு சேர்த்து காரின் உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக் கம்பியோ அடித்தள பார்க்கிங்கோ வரும்போது அந்தச் சீட்டு காப்பாற்றும்.

7. விழுந்துவிட்டால்?

சடன் பிரேக் போடாதீர்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, மெதுவாக இடது ஓரம் நிறுத்துங்கள். சாமானை எடுக்கச் சாலைக்குள் ஓடவே கூடாது. எவ்வளவு விலையுள்ள சாமானாக இருந்தாலும் சரி. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் உடனே 108. விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இதே நெடுஞ்சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கப்பட்டது. விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம். உதவி செய்தால் கேஸ் வருமோ என்று தயங்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ பாதுகாப்பு தருகிறது.

கிளம்பும் முன் ஐந்து கேள்வி

எடை வரம்புக்குள் இருக்கிறதா? கம்பி தனியாக ஆடாமல் இருக்கிறதா? பெல்ட் குறுக்குக் கம்பியில்தான் கட்டியிருக்கிறதா? நம்பர் பிளேட்டும் விளக்குகளும் தெரிகின்றனவா? சுமை எந்தப் பக்கமும் வரம்பு மீறி நீட்டாமல் இருக்கிறதா?

ஐந்துக்கும் "ஆமாம்" என்றால் கிளம்புங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், அந்தச் சாமானை இறக்கி வைத்துவிடுங்கள். பார்சல் சர்வீஸில் போட்டால் ஒரு நாள் தாமதமாக வரும், அவ்வளவுதான்.