கணவர் பெயரில் உள்ள வீடு யாரைச் சேரும்?

கணவர் காலமானபின், அவர் பெயரில் உள்ள வீட்டுக்கு அவருடைய சகோதரர்கள் உரிமை கோருவது நம் நாட்டில் புதிதன்று. அக்கோரிக்கைக்குச் சட்டத்தில் எவ்வளவு இடமுண்டு எனக் காண்போம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டோரையும், கணவர் தம் சொந்த வருவாயில் வாங்கிய வீட்டையும் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பூர்வீகச் சொத்துக்குக் கணக்கு வேறு.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1956 ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள் ஆவர். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் இருப்பின் ஆளுக்குக் கால் பங்கு. இவ்வகுப்பில் ஒருவர் இருந்தாலும் சகோதரருக்கு ஏதுமில்லை. தந்தைக்கும் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

சிக்கல் தாயின் பங்கு வழியாக நுழைவதுண்டு. குழந்தையில்லாத ஒருவர் இறந்தால், வீட்டில் மனைவிக்குப் பாதி, தாய்க்குப் பாதி. பின்னர் அத்தாயும் உயிலின்றி மறைந்தால், அவருடைய பாதி அவர்தம் மற்ற மக்களைச் சேரும்; மருமகளுக்கு அதில் பங்கில்லை. நேற்றுவரை உரிமையற்றிருந்த கொழுந்தனார் இன்று கூட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறார். அவர் பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடரலாம். வீட்டைப் பிரிக்க இயலாதெனில், அதை விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றம் ஆணையிடவும் கூடும். அவ்வீட்டிலேயே வாழ்ந்துவரும் பெண்ணுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

துக்க நாட்களில் நீட்டப்படும் தாள்களும் கவனத்துக்குரியவை. வீட்டு வரியில் பெயர் மாற்றத்துக்கென்று சொல்லப்படுவது விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். அதில் கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால் பங்கு கைவிட்டுப் போகும். படித்துப் பார்க்க அவகாசம் கேட்பது மரியாதைக் குறைவன்று.

வீட்டுக் கடன் நிலுவையில் இருந்தால், அக்கடனைத் தீர்க்கும் வரை வீடு வங்கியின் அடமானத்திலேயே இருக்கும். கடன் தீர்ந்தபின் மூலப் பத்திரங்களைச் சட்டப்படியான வாரிசுகளிடம் ஒப்படைக்க வங்கிகள் நடைமுறை வகுத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆம் ஆண்டு உத்தரவு.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்கது உயில். சொந்தமாய்ச் சம்பாதித்த வீட்டை முழுவதும் மனைவிக்கே எழுதிவைக்கச் சட்டம் தடையேதும் விதிக்கவில்லை. ஆனால் சொற்களில் கவனம் வேண்டும். "ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதினால், குடியிருக்கும் உரிமையே கிட்டும். விற்கும் உரிமை இராது. முழு உரிமை தருவதே எண்ணமெனில், "விற்கவும் தானம் செய்யவும் அடமானம் வைக்கவும் சர்வ சுதந்திரத்துடன்" என வெளிப்படையாக எழுதி, இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும்.