முற்றத்திற்குப் புத்துயிர்

மலேசியாவின் பழைய வீடமைப்புப் பகுதிகளிலும் கம்பத்து வீடுகளிலும் ஒரு காட்சியைப் பரவலாகக் காணலாம். வேலியோரம் நட்ட செம்பருத்தியும் வெட்சியும் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அவற்றின் அடியில் லாலாங் புல்லும் தொட்டாற்சுருங்கியும் மண்டியிருக்கும். வாயிலிலிருந்து வீடுவரை பரப்பிய சரளைக்கற்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மகிழுந்தின் சக்கரம் பதிந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கும்.

இத்தகைய முற்றத்தைக் கண்டு சலிப்படைவோர் பலர் எளிய வழி ஒன்றை நாடுகின்றனர். செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு, முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகின்றனர். பார்வைக்கு அது தூய்மையாகவே இருக்கும். ஆனால், பெய்யும் மழை எங்கே போகும்?

10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாதையை எடுத்துக்கொள்வோர் இதை எளிதில் கணக்கிடலாம். அதன்மீது 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,500 லிட்டர் நீர் சேரும். மண்ணும் சரளையும் இருந்தால் அதில் ஒரு பகுதி நிலத்தில் இறங்கும். சிமெண்டுத் தரையில் விழும் நீரோ ஏறத்தாழ முழுவதும் உடனே வடிகாலுக்கு ஓடும். ஒரு வீடமைப்புப் பகுதியில் உள்ள நூறு வீடுகளும் இவ்வாறே செய்தால், வடிகால் தாங்குமா? சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி இங்கு வேறொரு பொருளில் உண்மையாகிவிடும். மழைநீரை அது விழும் இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்பதே மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை வகுத்துள்ள நகர்ப்புற மழைநீர் வழிகாட்டியின் அடிப்படையும் ஆகும். அது 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

எனவே, முற்றத்தைச் சீரமைக்க விரும்புவோர் முதலில் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. ஒரு கனமழையின்போது நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்று உற்றுநோக்க வேண்டும். காக்க வேண்டிய செடிகளில் வண்ணத் துணியைக் கட்டி அடையாளமிட வேண்டும். புதருக்குள் பாம்பும் குளவிக்கூடும் இருக்கக்கூடும் என்பதால், தடித்த காலணியும் கையுறையும் இன்றி அதற்குள் இறங்குதல் ஆபத்து.

அடுத்து, செடிகளைக் கத்தரிக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி, கத்தரித்தால் நன்கு துளிர்க்கும் இயல்புடையது. வெட்சியும் அப்படியே. எனினும், முதிர்ந்த செடியின் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டுவது அதன் வலிமையைக் குறைக்கும். மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதல் ஆண்டில் அடியோடு நீக்கலாம். எஞ்சியவற்றை அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீக்கினால், செடி பூத்துக்கொண்டே புதுப்பிறவி எடுக்கும். ஊசியிலை மர வகைகளுக்கு இம்முறை பொருந்தாது. அவை இலையற்ற பழைய தண்டிலிருந்து மீண்டும் துளிர்ப்பது அரிது.

களைகளில் லாலாங் புல்லே பெரும் எதிரி. அதன் கிழங்குத்தண்டு நிலத்தடியில் படர்வதால், மேலே வெட்டுவதால் மட்டும் அது அழியாது. மண்ணில் விடுபட்ட சிறு துண்டும் மீண்டும் முளைக்கும். தீ வைத்தாலும் பயனில்லை. நிலத்தடித் தண்டு தப்பித்துப் புதிய இலைகளை விடும். மேலும், திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொறுமையாகத் தோண்டி எடுப்பதே சிறந்த வழி. வெட்டிய இலைதழைகளை மட்கவைத்து உரமாக்கலாம். லாலாங் கிழங்குகளை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது.

புதரை விலக்கும்போது வேறோர் உண்மையும் வெளிப்படும். உடைந்த பூச்சட்டி, நெகிழிக் குவளை, பழைய டயர் என மறைந்து கிடந்த பொருள்களில் நீர் தேங்கியிருக்கும். ஏடிஸ் கொசு முட்டையிட அந்நீரே போதும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள்களே ஆகும். வாரம் ஒருமுறை முற்றத்தைச் சோதித்தால் டிங்கிக் காய்ச்சலின் அபாயத்தைக் குறைக்கலாம். கொசு பெருக இடமளிப்போர்மீது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கப்படலாம்.

இனி, சரளைப் பாதை. பழைய கல்லின்மீது புதிய கல்லைக் கொட்டுவது பலர் செய்யும் தவறு. பாதை கெட்டதற்குக் காரணம் கல் அன்று. கல்லுக்கு அடியில் உள்ள மண்ணே. ஈரமான களிமண், வாகனத்தின் எடையால் கல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும். சேறு மேலே பிதுங்கும். உதிர்ந்த இலைகள் கல்லிடுக்கில் மட்கியதும் களைவிதைகள் அங்கே முளைக்கும். புதிய கல்லும் சில மழைக்காலங்களில் அதே கதியை அடையும்.

ஆகவே, பழைய கற்களைப் புல்வாரியால் திரட்டிக் கழுவி, தனியே குவிக்க வேண்டும். பின்னர், பாதையை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தோண்டி, அடிமண்ணை இறுக்க வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்னும் அளவில் வீட்டிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சரிவு அமைய வேண்டும். அதன்மீது நீரைக் கசியவிடும் பிரிப்புத் துணியை விரித்தால் மண்ணும் கல்லும் கலவா. நெகிழித் தாளை விரித்தால் நீர் இறங்காது. துணியின்மேல் 15 சென்டிமீட்டர் உடைகல் பரப்பி நன்கு இறுக்கிய பின், 5 சென்டிமீட்டர் மேற்கல் இட வேண்டும். உருண்டைக் கற்கள் சக்கரத்தின்கீழ் நழுவும். கூர்முனைக் கற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கழுவிய பழைய கற்களை அடிப்படுகையில் சேர்த்தால் செலவும் குறையும்.

பாதைக்கும் செடிப்படுகைக்கும் இடையே செங்கல்லால் ஒரு விளிம்பு கட்டுவது இன்றியமையாதது. அவ்விளிம்பு கல்லைப் படுகைக்குள் போகவிடாது. மண்ணைப் பாதைக்கு வரவிடாது. தோண்டும் பணியும் இறுக்கும் பணியும் முடிந்த பிறகே புதிய செடிகளை நட வேண்டும். இல்லையேல், அவை மிதிபட்டு மடியும். நட்ட செடிகளைச் சுற்றி மட்கிய இலைகளை 5 சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். தண்டை ஒட்டிப் பரப்பினால் தண்டு அழுகிவிடும் என்பதால் சிறிது இடைவெளி விடுவது நல்லது.

ஒருமுறை சீரமைத்த முற்றம் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. வாரந்தோறும் உதிர்ந்த இலைகளை வாருவதும், முளைத்த களையை இளமையிலேயே பிடுங்குவதும் அரைமணி நேர வேலைதான். அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கும் குடும்பத்திற்கு நிழலும் பூவும் கிடைக்கும். பெய்த மழையில் ஒரு பகுதியும் அண்டை வீட்டாரின் வாசலுக்கு ஓடாமல், விழுந்த மண்ணிலேயே இறங்கும்.