வீடியோ எடிட்டிங்: பாதியில் நிற்காமல் வேலை முடிய...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள், இன்டர்நெட்டும் ஆபீஸ் தொகுப்பும் பழகியவுடன் அடுத்து இறங்குவது வீடியோ எடிட்டிங்கில்தான். காதுகுத்து, கல்யாணம், திருவொற்றியூர் கோயில் மாசித் திருவிழா, காசிமேட்டில் புதுப் படகு கடலில் இறங்கும் நாள் என்று எடுத்த காட்சிகளெல்லாம் போனிலும் மெமரி கார்டிலும் குவிந்து கிடக்கும். புரோகிராமை இன்ஸ்டால் செய்து, கிளிப்களை வெட்டி ஒட்டுவதை இரண்டே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் முக்கால்வாசி வேலை முடிந்த நிலையில் "மீடியா ஆப்லைன்" என்று சிவப்புத் திரை வரும். அல்லது எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடும். அல்லது உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போகும்.

இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கும் இதே பிரச்னைகள் வருகின்றன. அவர்கள் வேலையை ஒரு வரிசையில் செய்வதால் தப்பித்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையையும், சிக்கல் வந்தால் தீர்க்கும் வழிகளையும் இங்கு பார்க்கலாம்.

1. முதலில் இடத்தைக் கணக்கிடுங்கள்

வீடியோ பைல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அதன் பிட்ரேட் சொல்லிவிடும். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீட்டெய்ல்ஸ் டேபில் பார்க்கவும். விநாடிக்கு 50 மெகாபிட் என்று இருந்தால், 8 ஆல் வகுக்க 6.25 மெகாபைட் கிடைக்கும். ஒரு நிமிடத்திற்கு 375 மெகாபைட். ஒரு மணி நேரத்திற்கு 22.5 ஜிபி. ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராவில் ஐந்தைந்து மணி நேரம் எடுத்தால் 225 ஜிபி ஆகிவிடும். எடிட்டிங் புரோகிராம் உருவாக்கும் தற்காலிக பைல்களுக்கும், முடிந்த படத்திற்கும் இடம் வேண்டும். எனவே மூலக் காட்சிகளைப் போல இரண்டு மடங்கு காலி இடம் இருந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவ் பயன்படுத்தினால் அதன் பார்மட்டையும் பாருங்கள். பேட்32 என்று இருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை அது ஏற்காது. எக்ஸ்பேட் அல்லது என்டிஎப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளவும். பார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் அவற்றை வேறு இடத்திற்குக் காப்பி செய்திடுங்கள்.

2. ஒரு வேலைக்கு ஒரே போல்டர்

எடிட்டிங் புரோகிராமில் நீங்கள் சேவ் செய்திடும் புராஜெக்ட் பைலுக்குள் வீடியோ இருக்காது. எந்தக் கிளிப் எந்த டிரைவில், எந்த போல்டரில் இருக்கிறது, அதில் எங்கு வெட்ட வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். நீங்கள் கிளிப்பை வேறு இடத்திற்கு நகர்த்தினாலோ, பெயரை மாற்றினாலோ, டிரைவின் எழுத்து இ-யிலிருந்து எப்-க்கு மாறினாலோ புரோகிராமால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் மீடியா ஆப்லைன்.

எனவே முதலில் ஒரு போல்டர் உருவாக்கவும். அதனுள் மூலம், ஒலி, படங்கள், புராஜெக்ட், முடிந்தது என ஐந்து துணை போல்டர்கள் அமைக்கவும். கார்டில் உள்ளவற்றை மூலம் போல்டருக்குக் காப்பி செய்த பின்னரே எடிட்டிங்கைத் தொடங்கவும். கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக இழுத்துப் போட வேண்டாம். சில கேமராக்கள் நீண்ட காட்சியைத் துண்டு துண்டாகப் பதிவதால், கார்டின் போல்டர்களை அப்படியே மொத்தமாகக் காப்பி செய்வது நல்லது.

ஏற்கனவே ஆப்லைன் ஆகிவிட்டதா? பதற வேண்டாம். நீங்கள் செய்த எடிட்டிங் பத்திரமாகவே இருக்கிறது. அடோப் பிரிமியரில் அந்தக் கிளிப்பின் மீது ரைட் கிளிக் செய்து லிங்க் மீடியா தேர்ந்தெடுக்கவும். டாவின்சி ரிசால்வில் ரீலிங்க் செலக்டட் கிளிப்ஸ் என்று இருக்கும். பைல் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும்.

3. டைம்லைனில் வீடியோ திக்கித் திணறினால்

இன்றைய போன்கள் பலவும் ஹெச்இவிசி என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதிகின்றன. இதில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருக்காது. முன்பின் உள்ள பிரேம்களிலிருந்து மாறிய பகுதி மட்டுமே இருக்கும். பார்ப்பதற்கு இது சரி. ஆனால் நீங்கள் டைம்லைனில் முன்னும் பின்னும் நகரும்போது, ஒரு பிரேமைக் காட்ட கம்ப்யூட்டர் பல பிரேம்களைக் கணக்கிட வேண்டியுள்ளது. அதனால்தான் திணறுகிறது.

இதற்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை, பிராக்ஸி போதும். பெரிய கிளிப்புக்குப் பதிலாக அதன் சிறிய நகலை வைத்து எடிட் செய்வதே பிராக்ஸி. எக்ஸ்போர்ட் செய்கையில் புரோகிராம் மூலக் கிளிப்பை எடுத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட் புரோகிராமில் செட்டிங்ஸ் மெனுவில் பிராக்ஸி என்பதை இயக்கவும். கேடென்லைவில் கிளிப்பின் மீது ரைட் கிளிக் செய்தால் பிராக்ஸி கிளிப் என்ற வரி கிடைக்கும்.

4. உதடும் குரலும் ஒத்துப்போகாவிட்டால்

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் பிரேம் ரேட்தான் காரணமாக இருக்கும். வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடேறினாலோ, விநாடிக்கு 30 பிரேம் என்பது 28, 26 என்று குறையக்கூடும். இது மாறும் பிரேம் ரேட். எடிட்டிங் புரோகிராமோ எப்போதும் சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது. 29.97 பிரேம் வீடியோவை 30 என்று எடுத்துக்கொண்டால்கூட ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகல் வரும்.

மீடியா இன்போ என்ற இலவச புரோகிராமில் பைலைத் திறந்தால், பிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் அல்லது கான்ஸ்டன்ட் என்று காட்டும். வேரியபிள் என்றால், எடிட்டிங்கிற்கு முன்பே ஹேண்ட்பிரேக் புரோகிராமில் திறந்து, வீடியோ டேபில் கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளவும். மாற்றிய பைலை எடிட்டிங்கிற்குப் பயன்படுத்தி, மூல பைலை அப்படியே வைத்திருங்கள்.

மண்டபத்து ட்யூப்லைட்டில் எடுத்த காட்சியில் பட்டை பட்டையாக ஓடுவதும் இதன் உறவுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என வைத்தால் பட்டைகள் மறையும். எடுத்த பிறகு இதைச் சரிசெய்வது கடினம்.

5. எக்ஸ்போர்ட் பாதியில் நின்றால்

முதலில் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் உள்ள கிளிப் அல்லது எபெக்ட்தான் குற்றவாளி. சரியான இடம் தெரியாவிட்டால், டைம்லைனை இரண்டாகப் பிரித்து முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யவும். முடிந்தால் பிழை இரண்டாம் பாதியில் இருக்கிறது. அதை மீண்டும் பாதியாக்குங்கள். நான்கைந்து முறையில் பிழையான கிளிப் பிடிபடும். அதை நீக்கி மீண்டும் சேர்க்கவும் அல்லது வேறு பார்மட்டுக்கு மாற்றிச் சேர்க்கவும்.

வெவ்வேறு இடங்களில் நின்றாலோ, கம்ப்யூட்டரே அணைந்தாலோ சூட்டைச் சந்தேகியுங்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை வசிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசு ராயபுரம் வீடுகளில் படிந்த காலம் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011ல் அங்கு நிலக்கரி கையாளுவது நின்று, அந்த வேலை எண்ணூர்த் துறைமுகத்திற்கு, அதாவது இன்றைய காமராஜர் துறைமுகத்திற்குச் சென்றது. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரியும் அனல் மின் நிலையச் சாம்பலும், எல்லாப் பகுதிகளிலும் உப்புக் காற்றும் இருக்கின்றன. பிராசசர் மீதுள்ள ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசு அடைத்தால் காற்று போகாது. மெயில் பார்க்கும்போது இது தெரியாது. எக்ஸ்போர்ட்டில் பிராசசர் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும்போதுதான் தெரியும். பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு குறையாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

மின் இணைப்பை முழுவதும் நீக்கி, கேபினட்டைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசை அகற்றவும். பேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கேபினட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலின் கீழ் வைக்க வேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் எக்ஸ்போர்ட்டைத் தொடங்கவும் வேண்டாம்.

6. பழைய கேசட் இருக்கிறதா?

பீரோவில் கிடக்கும் கல்யாணக் கேசட்டில்தான் இன்று நம்முடன் இல்லாத தாத்தாவின் நடையும் குரலும் இருக்கும். கேசட் மட்டுமல்ல, அதை ஓட்டும் கருவியும் மறைந்துவருகிறது. கடைசி வரை விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

கேசட்டின் ஜன்னல் வழியே டேப்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரக் காற்றில் இது எளிதில் வரும். அதை விசிஆரில் போடக் கூடாது. ஹெட் கெடுவதுடன் அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள கேசட்டில் முதலில் ரெக்கார்ட் தடுப்புத் துண்டை உடைத்துவிட்டு, ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டிவிட்டுப் பதிவைத் தொடங்கவும்.

மினி டிவி கேசட் என்றால் பயர்வயர் இணைப்பு வேண்டும். பல கேமராக்களில் யுஎஸ்பி வழியாகப் போட்டோ மட்டுமே வரும். ஒரு மணி நேரக் கேசட் பதிவாக ஒரு மணி நேரம் ஆகும். 13 ஜிபி இடம் பிடிக்கும். நம் நாட்டுக் கேமராக்கள் பால் முறையில் இயங்குவதால் புராஜெக்டை 720க்கு 576, விநாடிக்கு 25 பிரேம் என அமைக்கவும். கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், எக்ஸ்போர்ட்டில் டிஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

7. மூலத்தைத் தொடாதீர்கள்

2017 ஜனவரி 28ல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் புகுந்து படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. தென் மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. இப்படிப்பட்ட நேரங்களில் கரையில் நின்று போனில் எடுத்த ஒரு நிமிடக் காட்சி, பின்னாளில் இழப்பீட்டுக்கு ஆதாரமாகலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படும். பைலுக்குள் இருக்கும் நாள், நேர விவரங்களும் போய்விடக்கூடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பெயர் சேர்ப்பது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டுமே செய்ய வேண்டும்.

எந்த வீடியோவாக இருந்தாலும் மூன்று நகல்கள் இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில், இரண்டாவது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், மூன்றாவது வேறொரு உறவினர் வீட்டில் அல்லது கிளவுடில். 2015, 2023 வெள்ளங்களைப் போல வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், ஒரே பீரோவில் வைத்த இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றாகவே நனையும்.

சுருக்கமாக: இடம் பாருங்கள், ஒரே போல்டரில் வையுங்கள், பிரேம் ரேட்டைச் சோதியுங்கள், பிராக்ஸியில் எடிட் செய்யுங்கள், தூசு தட்டிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மூன்று இடத்தில் நகல் இருக்கிறது என்று திறந்து பார்த்து உறுதி செய்த பின்னரே மெமரி கார்டை அழியுங்கள்.