தூசி உறிஞ்சும் யந்திரத்தைச் செப்பனிடுதல்

வீட்டு மின்சார சாதனங்களுள் எளிதில் செப்பனிடத் தக்கதாக இருந்தும், செப்பனிடப்படாமலே ஒதுக்கப்படுவது ‘வாக்குவம் கிளீனர்’ என்னும் தூசி உறிஞ்சும் யந்திரம். 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா போர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாகச் சென்று, கூடத்திலேயே இயக்கிக் காட்டி விற்றதனால் இந்தியாவில் இதன் பழக்கம் பரவியது. திருவனந்தபுரத்திலும் பழைய யந்திரங்களைப் பரண்களில் இன்றும் காணலாம். அவற்றை இறக்கிச் சோதிப்பது வீண் உழைப்பாகாது.

யந்திரம் தூசியை இழுப்பதாகச் சொல்வது பேச்சு வழக்கேயாகும். அதனுள் இருக்கும் விசிறி நிமிஷத்துக்கு ஏறத்தாழ 20,000 சுற்றுக்களோ அதற்கு மேலோ சுழன்று, உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறையவே, வெளியிலுள்ள வாயுமண்டலம் குழாயின் வழியாகக் காற்றை உட்செலுத்துகிறது. தூசியும் அதனுடன் செல்கிறது. பையானது காற்றை விட்டுவிட்டுத் தூசியை நிறுத்திக்கொள்கிறது. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் இம்முறையில் அமைத்த யந்திரம் குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லும் அளவுக்குப் பெரியது. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் துப்புரவுப் பணி புரிந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், கையால் இயக்கத் தக்க சிறிய யந்திரத்துக்கு 1908-இல் காப்புரிமை பெற்றார்.

பழைய உருளை வடிவ யந்திரங்களில், பையைக் கடந்து வரும் காற்றே மோட்டாரின் மீது பாய்ந்து அதனைக் குளிர்விக்கவும் செய்கிறது. இதை நினைவிற் கொண்டால் பழுதுகளில் பாதி விளங்கிவிடும். பை அடைபட்டதும் யந்திரத்தின் ஓசை கீச்சென்று உயரும். மோட்டார் பளு தாங்காமல் திணறுவதாகப் பலர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. தள்ளுவதற்குப் போதிய காற்று இல்லாத விசிறிக்குப் பளு குறைகிறது. ஆகவே மோட்டார் இன்னும் விரைந்து சுழல்கிறது. மின்னோட்டமுங்கூடச் சற்றுக் குறைகிறது. ஆயினும் குளிர்விக்கும் காற்று நின்றுவிட்டபடியால் மோட்டார் சூடேறிக்கொண்டே போகிறது. குழாயின் வாயை உள்ளங்கையால் இரண்டு விநாடி மூடி, இவ்வோசை வேறுபாட்டை மாணவர்கள் கேட்கும்படி செய்யலாம்.

இதை எழுதுபவரின் வீட்டு யந்திரமும் ஒருநாள் கருகிய வாடையுடன் நின்றுபோயிற்று. மோட்டார் எரிந்துவிட்டதென்றே முடிவு செய்திருந்தோம். மெக்கானிக் மோட்டாரைத் தொடுவதற்கு முன் பையை வெளியே எடுத்துச் சென்று தட்டினார். பூஜையறையில் நாங்கள் மாதக்கணக்கில் உறிஞ்சிய விபூதியும் ஊதுவத்திச் சாம்பலும் துணியின் கண்களை முற்றிலும் அடைத்திருந்தன. மிகைச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு விசை, மோட்டாரைக் காத்திருந்தது. கோலமாவும் இத்தகையதே. நுண்ணிய பொடிகளுக்குத் துடைப்பமே போதும்.

பழுது எங்கே இருக்கிறதென்று அறிய ஒரு சோதனை உண்டு. 3 மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ் நுனியை ஒரு வாளி நீரில் அமிழ்த்துக. மேல் நுனியைத் துளையிட்ட ரப்பர் அடைப்பானில் செருகி, யந்திரக் குழாயின் வாயில் காற்றுப் புகாமல் பொருத்துக. சில விநாடிகள் மட்டும் இயக்கினால் நீர் மேலேறும். முழு வெற்றிடம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயர்த்தும். நல்ல வீட்டு யந்திரம் அதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டலாம். நீர் யந்திரத்துக்குள் புகாதிருக்கவே குழாய் 3 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறோம். நீர் நன்கு ஏறியும் தூசி வரவில்லையெனில் பையிலோ குழாயிலோ அடைப்பு இருக்கிறது. காற்றோட்டம் நின்ற நிலையில் அளப்பதால், சாதாரண அடைப்பு இவ்வளவையில் தெரியாது. நீரே சரிவர ஏறவில்லையெனில் நெளிகுழாயில் கீறல், மூடியின் ரப்பர் வளையத்தில் தளர்வு, அல்லது மோட்டாரில் குறை.

மோட்டாரைத் திறக்குமுன் மின்சார இணைப்பைப் பிடுங்கிவிடவேண்டும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. தேய்வன பெரும்பாலும் இரண்டே: கார்பன் பிரஷ்களும் பேரிங்குகளும். பிரஷ் மூன்றில் ஒரு பங்காகக் குறுகிவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. அதன் நீள அகலங்களை அளந்து சென்றால், யந்திரத்தின் பெயரைச் சொல்லாமலே சாலைக் கடைத்தெரு போன்ற இடங்களில் கேட்டு வாங்க முயலலாம். பேரிங்கின் விளிம்பில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 608 என்பது 8 மில்லிமீட்டர் துளையும் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உடையது, எவர் செய்ததாயினும் அளவு அதுவே. யந்திரத்தைச் செய்த நிறுவனம் உதிரிப்பாகங்களை நிறுத்திவிட்ட பின்னும் பழைய யந்திரம் பிழைத்திருப்பதற்கு இவ்வெண்களே காரணம். கரி படிந்த கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித்தாள் ஆகாது, அதன் துகள்கள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும்.

இந்நகரில் கவனிக்கவேண்டியது ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் கடற்கரை ஊரில், பல மாதங்கள் மூலையில் கிடந்த யந்திரத்தை நேரே மின்சாரத்தில் இணைப்பது அபாயகரமானது. வெயிலில் இரண்டு நாள் உலர்த்தி, மெக்கர் கருவியால் 500 வோல்ட்டில் காப்புத்தடையைச் சோதிக்கவேண்டும். உலோக உடலுடைய யந்திரத்தில் அது 1 மெகாஓமுக்குக் குறைந்தால் உபயோகிக்கலாகாது. நிலஇணைப்புக் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பழைய ரப்பர் மின்கம்பியை மடக்கினால் வெடிப்புக் காணுமாயின், ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றிவிடுக. பையைத் துவைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகே பொருத்துக. ஈரப்பையில் பூஞ்சை பிடிக்கும், தூசி சேறாகும்.

கம்பிச்சுற்று கருகிவிட்டால் செலவு மிகும். அங்கே நிறுத்திக்கொள்வதே முறை. அத்தகைய யந்திரத்தை ஹரித கர்ம சேனையினர் மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் ஒப்படைக்கலாம். நெளிகுழாயையும் முனைத் தூரிகைகளையும் கழற்றி வைத்துக்கொண்டால் அடுத்த வீட்டு யந்திரத்துக்கு உதவும்.