ஏறும்போது சும்மா, இறங்கும்போது நடுக்கம்!

கேள்வி: கோல்கொண்டா கோட்டையில் ஏறும்போது மூச்சுதான் வாங்கியது. இறங்கும்போது தொடை நடுங்கியது. மறுநாள் உட்காரவே முடியவில்லை. முட்டி தேய்ந்துவிட்டதா?
– வாசகி, செகந்திராபாத்

முட்டியைக் குறை சொல்லாதீர்கள், இது தொடை வலி.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்தொடையின் நான்கு தசைகளும் ஒரே நாணாகி, முட்டிச்சில்லின் மேலாகப் போய்க் கீழ்க்கால் எலும்பைப் பிடித்திருக்கின்றன. சில்லு, கிணற்றுக் கப்பி மாதிரி. ஏறும்போது தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது? நிறைகுடத்தைக் கயிறு நழுவாமல் மெல்ல இறக்குவதுபோல, உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பழகாத தசையில் அப்போதுதான் நுண்ணிய கிழிசல்கள் விழும். கோட்டையின் உச்சியான பாலா ஹிசாரிலிருந்து இறங்க 350-க்கும் மேற்பட்ட படிகள், அதுவும் உயரம் ஒன்றுபோல் இல்லாதவை!

கோட்டை வாசலான ஃபதே தர்வாசாவில் கைதட்டினால் உச்சியில் உடனே கேட்கும். தொடையின் முறையீடோ மறுநாள்தான் கேட்கும். வலி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தில் இருக்கும். படுத்துவிடாமல் மெதுவாக நடங்கள். வீட்டுப் படிகளில் தினமும் நிதானமாக இறங்கிப் பழகுங்கள். அடுத்த முறை அவசரமில்லாமல், சிறு அடியாக வைத்து இறங்குங்கள். முட்டியே வீங்கினால் டாக்டரிடம் போங்கள்.