ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் எது?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது; பாட்டுகளும் சேர்ந்துவிட்டன. கூடவே வந்த சின்ன ஸ்பீக்கர் போதாமல், நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை இணைக்கலாமே என்ற ஆசை அடுத்து வரும். எங்கள் வீட்டிலும் வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த அப்பா, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் பொறுப்பு என்னுடையது. பெட்டியில் "2000 வாட் பி.எம்.பி.ஓ." என்று போட்டிருந்ததை நம்பி ஒன்றை வாங்கி வந்தேன். (இன்ஜினியரிங் படித்தவன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம்.) இரண்டாவது ஞாயிறு வால்யூமைக் கூட்டியபோது ஒரு ட்வீட்டர் போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகுதான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 36 வாட். உள்ளே போவதே 36 வாட் என்றால் 2000 எங்கிருந்து வரும்? பி.எம்.பி.ஓ. கணக்கை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, அது எத்தனை ஓமில் என்று மட்டும் கேளுங்கள்.

இனி ஸ்பீக்கரின் பின்பக்கம் அல்லது கையேட்டைப் பார்ப்போம். இரண்டு எண்கள் முக்கியம்: சென்சிடிவிட்டி, இம்பீடன்ஸ். அப்பாவின் ஸ்பீக்கரில் "87 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர், 4 ஓம்" என்றிருந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட். 4 ஓமில் 2 வாட். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். ஆகவே 1 வாட்டுக்கு உண்மையில் கிடைப்பது 84 டெசிபல்தான்.

நாம் 3 மீட்டர் தள்ளி உட்காருகிறோம். சாதாரண அறையில் அதற்குச் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். மிச்சம் 81. பாட்டில் தவில் அடி விழும்போது 96 டெசிபல் தொட வேண்டுமென்றால் இன்னும் 15 வேண்டும். அதாவது ஐந்து முறை இரட்டிப்பு: 2, 4, 8, 16, 32. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 32 வாட்! இதுவே 1 வாட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கராக இருந்தால் 8 வாட் போதும்.

நான் வாங்கிய பெட்டியால் இதைக் கொடுக்க முடியவில்லை. அப்படி முடியாதபோது ஒலி அலையின் தலை மட்டமாக வெட்டப்படும். இதற்கு க்ளிப்பிங் என்று பெயர். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக உயர் அதிர்வெண்கள் முளைத்து ட்வீட்டருக்குப் போகின்றன. அதன் மெல்லிய கம்பிச் சுருள் சூடேறிக் கருகுகிறது. ஸ்பீக்கரைப் பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் எரிக்கும் என்று நினைக்கிறோம். திணறும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் எரிக்கும்.

அடுத்தது இம்பீடன்ஸ். 20 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். 4 ஓம் 5 ஆம்பியர். 4 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் சில அதிர்வெண்களில் 3 ஓம் வரை இறங்கலாம். 1980களில் அமெரிக்காவில் வந்த அப்போஜி சின்டில்லா சுமார் 1 ஓம்! அதைப் பாட வைக்க வெல்டிங் மெஷின்தான் வேண்டும் போலிருக்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், 4 ஓமில் 80 அல்லது 100 வாட் தருகிறதா என்று பாருங்கள். 4 ஓமுக்கு எண்ணே கொடுக்கவில்லை என்றால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது வேண்டாம்.

அப்படி ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கனமோ கனம். ட்வீட்டரையும் மாற்றினோம். கம்ப்யூட்டரின் பச்சை நிற லைன் அவுட்டிலிருந்து 3.5 மி.மீ. ஸ்டீரியோ கேபிளின் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டில் செருகினால் போதும். முதலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்திடவும். நம் ஊர் வெயிலில் ஆம்ப்ளிஃபயரை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம். அதே முனைகளில் மொட்டை மாடிக்கென இன்னொரு 4 ஓம் ஜோடியைச் சேர்த்துவிடாதீர்கள். மொத்தம் 2 ஓமாகிவிடும். அப்பா இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.